மீசை கடைசியில், நடை முதலில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் மேடை ஒப்பனையும் பள்ளி நாடகப் பயிற்சியும் செய்கிறவர்கள் சிலர் கூடி எழுதும் கடிதம் இது. லண்டன் நடிகர் ஒருவருக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் "மேக்கப் மாயத்தால் எட்டு வேடம் போட்ட துணை நடிகர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்குள் இரண்டு பிழைகள், படக்குறிப்பில் மூன்றாவது.

துணை நடிகர் என்றால் கோடம்பாக்கத்தில் என்ன பொருள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கூட்டத்தில் நிற்பவர், சந்தைக் காட்சியில் கூடை சுமப்பவர், கல்யாணக் காட்சியில் பந்தியில் உட்காருபவர். அதுவும் கௌரவமான பிழைப்புதான். ஆனால் கின்னஸ் செய்த வேலை அது அல்ல. 1957இல் வந்த க்வாய் நதிப் பாலம் படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கியவர். 1959இல் சர் பட்டம் பெற்றவர். அவரைச் சொல்லத் தமிழில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: குணச்சித்திர நடிகர். டி.எஸ். பாலையா, எஸ்.வி. சுப்பையா, வி.கே. ராமசாமி இவர்களுக்கெல்லாம் நாம் சொல்வது. படம் முடிந்து வெளியே வரும்போது ரசிகன் மனதில் நடிகர் பெயர் நிற்காமல் அந்த ஆள் நிற்பார். அந்த வகை.

வி.கே.ஆர். பெயரைச் சும்மா இழுக்கவில்லை. ஏவி.எம். நிறுவனம் சென்னைக்குப் போவதற்கு முன்னால் நம் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டுப் படம் எடுத்ததை இந்த ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அங்கே எடுத்து 1947இல் வெளியான நாம் இருவர் படத்தில் கிழவராக வந்த வி.கே. ராமசாமிக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. அதே 1947இல் லண்டனுக்கு வெளியே பைன்வுட் ஸ்டுடியோவில் ஆலிவர் ட்விஸ்ட் படத்துக்காகக் கின்னஸ் ஃபேகின் என்ற கிழட்டுத் திருடனாக வேடம் கட்டிக்கொண்டிருந்தார். 1914இல் பிறந்தவர், வயது முப்பத்து மூன்று. இருவரும் நாடகத்திலிருந்து வந்தவர்கள். இளம் உடம்பில் கிழவனை நிறுத்திக் காட்டும் வித்தையை மேடைதான் கற்றுக்கொடுக்கிறது, ஒப்பனைப் பெட்டி அல்ல என்பதற்கு இந்த இரண்டு பேர் போதும்.

தங்கள் கட்டுரை, ஒரே குடும்பத்து எட்டுப் பேராக அவர் நடித்து 1949இல் வந்த கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ் படத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பதினைந்து வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டது. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்த பையன் அவர். 1934இல் ஜான் கில்குட் நியூ தியேட்டரில் போட்ட ஹாம்லெட்டில் அவருக்குக் கிடைத்தது ஆஸ்ரிக் என்ற அரண்மனைப் பகட்டுக்காரன் வேடம். அதோடு அதே இரவில் நாடகத்துக்குள் வரும் நாடகக்காரர்களில் ஒருவன் வேடமும். அடுத்து லண்டன் ஓல்ட் விக் அரங்கில் 1936-37 பருவம், ஷேக்ஸ்பியர் நாடகங்கள்: பன்னிரண்டாம் இரவில் சர் ஆண்ட்ரூ, லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்டில் பாயே, ஐந்தாம் ஹென்றியில் எக்சிட்டர். ஆஸ் யூ லைக் இட் நாடகத்தில் லெ போ என்ற பிரபுவும் அவர்தான், வில்லியம் என்ற பட்டிக்காட்டானும் அவர்தான். அங்கே லாரன்ஸ் ஒலிவியே ஹாம்லெட் ஆடியபோது, அவருக்கு முடியாமல் போனால் ஏறுவதற்கு மாற்று ஆளாகப் பாடம் முழுவதும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததும் இவரே. ஒரே இரவில் பிரபுவாகவும் குடியானவனாகவும் மாற வேண்டிய நடிகனுக்கு இடையில் கிடைப்பது சில நிமிஷம். அதற்குள் மூக்கு ஒட்ட முடியாது, டோப்பா மாற்றலாம், அவ்வளவுதான். மற்றதை உடம்பு செய்ய வேண்டும். எட்டு வேடத்துக்கான பயிற்சி அந்தச் சில நிமிஷத்தில் நடந்ததே தவிர ஸ்டுடியோ மேக்கப் நாற்காலியில் அல்ல.

இங்கிலாந்தில் நடிகர்கள் வளர்ந்த இன்னொரு களம் ரெப்பர்ட்டரி குழுக்கள், அதாவது ஒரே அரங்கில் தங்கி நாடகத்தை மாற்றி மாற்றிப் போடும் குழுக்கள். கின்னஸ் அந்த வழியில் வந்தவர் அல்ல. ஆனால் அவர் தலைமுறையிலும் அடுத்த தலைமுறையிலும் பாதிப் பேர் அதில் அடிபட்டு வந்தவர்கள். பர்மிங்ஹாமில் பேரி ஜாக்சன் 1913இல் கட்டிய அரங்கு இதில் பேர்பெற்றது. சின்ன ஊர்களில் அந்தக் காலத்தில் வாரம் ஒரு நாடகம். இந்த வார நாடகம் இரவில் நடக்கும், பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, நடுராத்திரியில் பாடம். இருபத்தைந்து வயதுப் பையன் திங்கட்கிழமை போலீஸ்காரன், அடுத்த திங்கட்கிழமை தாத்தா. கோட்டும் சூட்டும் நடிகரே கொண்டுவர வேண்டும் என்பதும் அங்கே வழக்கமாக இருந்தது.

இதைப் படிக்கும் நம் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சிரிப்பார்கள். புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை வட்டாரத்தில் இன்றும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நாரதர் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசி, தேதி வாங்கி, உடையும் அரிதாரமும் அவரவரே பையில் கட்டிக்கொண்டு வந்து, ஒத்திகையே இல்லாமல் விடியவிடிய வள்ளி திருமணம் நடத்துகிறவர்கள் அவர்கள். உழைப்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் நாரதருக்குப் பேர்போனவர் நாரதராகவே இருப்பார். அதில் ஆழம் போவார், தர்க்கத்தில் எதிராளியை மடக்குவார். ரெப்பர்ட்டரி நடிகனுக்கு ஒரு வேடத்தில் ஆழம் போக நேரம் இல்லை. வேடம் விட்டு வேடம் தாவுவதுதான் அவன் சொத்து. எது உயர்வு என்ற பட்டிமன்றம் வேண்டாம். ஒருவரை இன்னொருவரின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி மேக்கப் மாயத்துக்கு வருவோம். கைண்ட் ஹார்ட்ஸ் படத்தில் மாயம் உண்டு. அதை நிகழ்த்தியது கேமரா. தேவாலயக் காட்சியில் ஒரே சட்டகத்துக்குள் கின்னஸ் ஆறு ஆளாக இருப்பார். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் அதை எடுத்த விதம் இது. கேமராவை அசையாதபடி தரையோடு இறுக்கிவிட்டார். லென்ஸுக்கு முன்னால் மறைப்பு வைத்து, சட்டகத்தில் ஒரு ஆள் இருக்கும் இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற இடத்தை மூடினார். முதல் கின்னஸ் நடித்து முடித்ததும் மறைப்பை மூடி, பிலிமைப் பின்னால் சுற்றி, துவங்கிய கட்டத்துக்கே கொண்டுவந்தார். கின்னஸ் போய் அடுத்த வேடம் கட்டிக்கொண்டு வர வேண்டும். பிறகு அடுத்த இடத்தைத் திறந்து அதே பிலிமில் இரண்டாவது பதிவு. இப்படி ஆறு தடவை. ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. இரவில் யாராவது கேமராவைத் தட்டிவிடுவார்களோ என்று ஸ்லோகோம்ப் ஸ்டுடியோவிலேயே அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கினார். கேமரா மயிரிழை நகர்ந்தால் போதும், இரண்டு பதிவுக்கும் நடுவில் கோடு விழும், அல்லது ஒருவர் தோள் மற்றவர் தோளுக்குள் கரையும். பிலிம் சுருளைக் கழுவிப் பார்க்கும்வரை அது தெரியாது. தெரியும்போது ஆறு பதிவும் வீண். நம் ஊரில் 1940இல் உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பாவை இரண்டாகக் காட்டியபோதும், 1964இல் நவராத்திரியில் சிவாஜி ஒன்பது வேடம் கட்டியபோதும் ஒப்பனையாளர் பெயர் பேசப்பட்ட அளவு கேமராக்காரர் பெயர் பேசப்படவில்லை. அந்தக் குறை உலகம் முழுக்க இருக்கிறது போலும்.

இப்போது அந்த ஆறு பேரையும் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதிரியாருக்கு முகம் முன்னால் வந்து கழுத்து பின்னால் தங்கிவிடும். ஜெனரலுக்கு மார்பு முன்னால், மோவாய் உள்ளே. அகதா சீமாட்டிக்கு முதுகு நாற்காலியைத் தொடாது. மீசையையும் தொப்பியையும் எடுத்துவிட்டாலும் யார் யார் என்று சொல்லிவிடலாம். குணச்சித்திரத்துக்கு எங்களிடம் பரீட்சை வைக்கச் சொன்னால் இதைத்தான் வைப்போம்.

கின்னஸ் வேடத்தைப் பிடிக்கும் முறை காலிலிருந்து தொடங்குவது. நடை கிடைக்கும்வரை வேடம் கிடைக்காது என்பது அவர் கட்சி. க்வாய் படத்தில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஜப்பானியரிடம் கைதியான ஆங்கில அதிகாரி கர்னல் நிக்கல்சனாக அவர் வருகிறார். அவரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டில் நாள்கணக்காக அடைத்துவைத்து, பிறகு திறந்து, ஜப்பானியத் தளபதியிடம் நடத்திக் கொண்டுபோவார்கள். கால் பின்னுகிறது, முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று அவருக்கே தெரியாது, ஆனால் இடுப்புக்கு மேலே அணிவகுப்பு மைதானத்து விறைப்பு. இளம்பிள்ளை வாதத்திலிருந்து தேறிவந்த தன் மகன் நடந்த நடையை வைத்து அதைக் கட்டினார். சாதாரண நடிகர் உடம்பு முழுவதையும் தள்ளாட விட்டிருப்பார். பார்ப்பவருக்குக் குடிகாரன் ஞாபகம் வந்திருக்கும். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று உடம்பை இரண்டாகப் பிரித்ததுதான் அங்கே வேலை. நூறு கெஜம்கூட இல்லாத அந்த நடைக்குத்தான் ஆஸ்கர் கொடுத்தார்கள் என்று எங்களில் ஒருவர் அடித்துச் சொல்வார்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டிலிருந்து எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கல பக்கம் களனி ஆற்றின் மேல். கதையில் கைதிகள் போடும் பாலம் சயாம்-பர்மா ரயில்பாதைக்கானது; உண்மையான பாதை 415 கிலோமீட்டர். 1942-43இல் அதைப் போட்டவர்களில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம்; ஆயிரக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி வைத்திருந்த குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் இவை. அந்தத் தமிழர்களுக்குப் படத்தின் கதையில் இடம் இல்லை. நடிகரைப் பாராட்டும்போது இதையும் ஓரமாக நினைவில் வைக்கலாம்.

ஒப்பனை அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் கின்னஸிடமே பாடம் உண்டு. டிக்கன்ஸ் நாவலில் யூதனாக வரும் ஃபேகின் வேடத்துக்கு இயக்குநர் டேவிட் லீன் முதலில் அவரை எடுக்க விரும்பவில்லை. இவரே வேடம் கட்டிச் சோதனை எடுத்துக் காட்டி வாங்கினார். ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் செய்த ஒப்பனை. அந்த நாவலுக்குக் குரூக்ஷாங்க் போட்ட சித்திரத்தைப் பார்த்து ஒட்டிய பெரிய கொக்கி மூக்கு. கைவேலை என்ற அளவில் அசாத்தியம். ஆனால் யூதர்களைப் பல லட்சக்கணக்கில் கொன்று முடித்த போர் ஓய்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. யூதர்களைக் கேலிசெய்யும் பழைய கார்ட்டூன் மூக்கு அது. பெர்லினில் எதிர்ப்புக் கிளம்பியது. அமெரிக்காவில் 1951வரை படம் வெளிவரவில்லை, வந்தபோதும் வெட்டித்தான் வந்தது. நம் மேடைகளில் ஒரு ஜாதியை, ஒரு மதத்தைக் காட்ட மூக்கையும் பல்லையும் ஒட்டிக்கொண்டு பபூன் வருகிறபோது முன்வரிசை சிரிக்கும். யாரை வைத்துச் சிரிக்கிறார்களோ அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

1984இல் எ பாஸேஜ் டு இந்தியா படத்தில் காட்போலே என்ற இந்துப் பேராசிரியராக வந்ததும் அதே கணக்குதான். தங்கள் கட்டுரை அதை "தத்ரூபம்" என்கிறது. மன்னிக்கவும், இல்லை. மாநிறம் பூசிவிட்டார், தலைப்பாகை கட்டிவிட்டார், ஆனால் கை பொய் சொல்கிறது. கும்பிடும்போது உள்ளங்கைகள் பழக்கத்தில் சேரவில்லை, யோசித்துச் சேர்கின்றன. அதே படத்தில் விக்டர் பானர்ஜியும் ரோஷன் சேத்தும் எதுவும் பூசாமல் நிற்கும்போது இவர் தனியாகத் தெரிகிறார். அந்தப் படத்தில் நம் நீலகிரி மலை ரயில் வருகிறது. அதன் நடிப்பு இவருடையதைவிட இயல்பு.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நடித்ததுதான் அவருடைய உச்சம் என்பது எங்கள் தீர்ப்பு. 1979இல் பி.பி.சி. எடுத்த டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை, ஏழு பகுதி. ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி ஸ்மைலி. வேடத்துக்காக உண்மையான முன்னாள் உளவுத்துறைத் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டுடன் சாப்பிட உட்கார்ந்து அவருடைய பாவனைகளைக் கவனித்துக்கொண்டார். முகத்தில் கண்ணாடி ஒன்றுதான். அடுத்தவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பது என்றால் தலையாட்டுவது அல்ல. ஒரு சொல் விழுந்ததும் கண் அங்கேயே நின்றுவிடும், மூச்சு ஒன்று தாமதமாக வரும், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தங்கள் கட்டுரையில் இந்தத் தொடர் இல்லவே இல்லை. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸுக்கு மட்டும் இரண்டு பத்தி. அது அவருக்குப் பணம் கொடுத்த படம். வேலை கொடுத்த படம் அல்ல.

தோல்வியையும் மறைக்க வேண்டியதில்லை. 1951இல் நியூ தியேட்டரில் ஹாம்லெட்டை அவரே இயக்கி அவரே நடித்தார், தாடியோடு. முதல் இரவில் விளக்கு மாற்றங்கள் குளறுபடியாகி நாடகமே கவிழ்ந்தது. இந்தக் குளறுபடி எந்த ஊர் மேடையிலும் எப்படி வரும் என்றால், விளக்குக் குறிப்புகளுக்கு வரிசை எண் மட்டும் போட்டு வைப்பதால். ஒரு மாற்றத்தைத் தவறவிட்டால் அடுத்ததெல்லாம் ஒரு படி பிந்தும். துக்கக் காட்சியில் பளிச்சென்று எரியும், சண்டையில் அணையும். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த நேரத்துக் கடைசி வசனத்தையும் எழுதி வைத்தால் தவறவிட்டவர் நடுவில் வந்து பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. ஆண்டுவிழாக் காலத்தில் தங்கள் கட்டுரை போன்றவற்றையும் செல்போன் வீடியோக்களையும் பார்த்துவிட்டுப் பள்ளிகளில் "வயதான மேக்கப்" கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நெற்றியில் கறுப்புப் பென்சிலால் மூன்று கோடு, தலையில் டால்கம் பவுடர், கையில் தடி, முதுகு வளைவு, நடுங்கும் கை. நாலாவது வரிசையிலிருந்து பார்த்தால் முகத்தில் அழுக்கு. ஒரு வசனத்தில் தலையைத் தட்டினால் பவுடர் புகை.

கோடு போட வேண்டிய இடத்தைப் பென்சில் தீர்மானிக்கக் கூடாது, முகம் தீர்மானிக்க வேண்டும். பையனைப் புருவம் சுளிக்கச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள். தோல் மடிகிற இடத்தில் மட்டும் கோடு. கறுப்பு வேண்டாம், செம்பழுப்பு. கோட்டின் ஒரு ஓரத்தை விரலால் கரைத்து, அதை ஒட்டி அடிநிறத்தைவிட இரண்டு படி வெளிறிய நிறம் ஒரு இழை. பள்ளம் தெரிவது அந்த வெளிறிய இழையால்தான். நரைக்குப் பவுடர் போடாமல் வெள்ளைப் பேன்கேக்கை (தண்ணீர் தொட்டுப் பூசும் ஒப்பனைக் கட்டி) ஈரமான பழைய பல்துலக்கியால் காதோரத்திலிருந்து மேல்நோக்கி இழுக்கவும். இப்போது மேடைகளில் எல்லாம் எல்.இ.டி. விளக்கு; அதன் குளிர்ந்த வெளிச்சத்தில் சுத்த வெள்ளை நீலமாகத் தெரியும். துளி மஞ்சள் கலந்தால் சரியாகிவிடும். எதுவானாலும் மேடை விளக்கைப் போட்டு, கடைசி நாற்காலி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒட்டுமீசைதான் எங்கள் பக்கத்துப் பெரிய தொல்லை. பங்குனி, சித்திரைத் திருவிழாவில் இரண்டாம் காட்சிக்குள் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். காரணம் கோந்து மட்டமானது என்பார்கள். பெரும்பாலும் காரணம் எண்ணெய். அரிதாரத்துக்கு அடியில் முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் பழைய வழக்கம். எண்ணெய் மேல் ஸ்பிரிட் கம் நிற்காது. அது பிசினைச் சாராயத்தில் கரைத்தது. சாராயம் ஆவியாகிப் பிசின் தோலைப் பிடிக்க வேண்டும். நடுவில் எண்ணெயோ வியர்வையோ இருந்தால் பிடிக்காது, வியர்வை பட்ட இடத்தில் வெள்ளையாகப் பூத்தும் போகும். ஆகவே மீசை வரும் இடத்தை முதலில் பென்சிலால் குறித்து, அங்கே எண்ணெய் படாமல் விட்டுவிட வேண்டும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து விசிறியில் காயவிடவும். மெல்லிசாக ஒரு பூச்சு, முழுதாகக் காயட்டும். இரண்டாவது பூச்சு போட்டு, விரல் நுனியால் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் நூல் இழுக்கும். அப்போதுதான் முடியை வைத்து ஈரத்துணியால் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் வழுக்கும், பளபளவென்று ஓரம் தெரியும். மீசையை ஒரே துண்டாக வைக்காமல் மூக்குக்குக் கீழே உள்ள குழியில் பிரித்து இரண்டாக வைத்தால் வாய் அசையும்போது இழுக்காது. வாய்க்கோடியில் அரை விரல் இடம் விடவும். தாடி என்றால் மோவாய்க்கு அடியிலிருந்து மேலே, ஓடு வேய்கிற மாதிரி; மேல்வரிசை கீழ்வரிசையை மூட வேண்டும்.

கழற்றும்போது பிய்க்காதீர்கள். இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வேலை: ஓரத்தில் ஊறவிட்டு இரண்டு நிமிஷம் பொறுத்தால் தானாக வரும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற வழக்கத்தை இத்தோடு விட்டுவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு ஒட்டவே வேண்டாம், பென்சில் மீசை போதும். பெரிய பிள்ளைகளுக்கு முந்தைய நாளே முழங்கை மடிப்பில் கோந்து ஒரு பொட்டு வைத்துப் பார்க்கவும். இன்னொன்று, கோந்து காயாத முகத்தோடு மேடைப் பூஜைக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள். ஆவி நெருப்பைப் பிடிக்கும்.

ஆனால் இதெல்லாம் கடைசி. முதல் வாரம் முழுக்க முகத்தில் எதுவும் வேண்டாம். வயதைக் காட்ட முதுகை வளைக்கவும் வேண்டாம். நம் வீடுகளிலேயே பார்க்கலாம்: வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைப்படியை எண்பது வயது ஆச்சி தாண்டும் விதத்தை. கை முதலில் கதவு நிலைக்குப் போகும். வலது கால் படியைத் தாண்டி அந்தப் பக்கம் ஊன்றும். அங்கே ஒரு நிறுத்தம். இடது கால் வந்து சேரும். இரண்டு காலும் சேர்ந்த பிறகுதான் கண் தரையிலிருந்து நிமிரும், அதற்கும் பிறகுதான் பேச்சு. திரும்பும்போது கழுத்து மட்டும் திரும்பாது, தோளும் கூடவே வரும். உட்காரும்போது காலின் பின்பக்கம் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். இந்த வரிசையைப் பையனிடம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு பத்து நாள் செய்யச் சொல்லுங்கள். பதினோராவது நாள் அவன் நரை இல்லாமலே கிழவனாகத் தெரிவான். அப்போது எவ்வளவு கோடு தேவை என்பதும் தெரியும். வழக்கமாகப் பாதிகூடத் தேவைப்படாது.

நேரக் கணக்குக்கும் ஆங்கிலேயரிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே "அரை மணி" என்று மேடை மேலாளர் குரல் கொடுப்பது திரை தூக்க முப்பத்தைந்து நிமிஷம் இருக்கும்போது. முதலில் மேடையேறுகிறவர்கள் ஐந்து நிமிஷம் முன்னால் தங்கள் இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் அந்த ஐந்தைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அந்தக் குரலுக்குப் பிறகு ஒப்பனை அறையில் பெற்றோர், செல்போன், மாலை போட வந்தவர் யாரும் இருக்கக் கூடாது. ஆண்டுவிழாவில் தாளாளர் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவருக்கும் வெளியேதான் நாற்காலி.

மூன்றாவது பிழையைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். கட்டுரையோடு வந்த படத்தின் அடியில் "எட்டு வேடங்களில் கின்னஸ்" என்று போட்டிருக்கிறீர்கள். அது மேலே சொன்ன தேவாலயக் காட்சி; அதில் இருப்பது ஆறு பேர். டியூக், வங்கிக்காரர், பாதிரியார், ஜெனரல், அட்மிரல், அகதா சீமாட்டி. இளையவர்கள் இருவரும் அதற்கு முன்பே கதையில் செத்துவிடுவதால் அந்த வரிசையில் இல்லை. படத்தின் தொடக்கத்தில் பழைய டியூக்காகச் சற்று நேரம் வருவதையும் சேர்த்து ஒன்பது என்று எண்ணுபவர்களும் உண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் போடும்போது படக்குறிப்பில் ஆறு என்றும், தலைப்பில் குணச்சித்திர நடிகர் என்றும் மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேடை ஒப்பனையாளர்களும் நாடகப் பயிற்சியாளர்களும் சிலர்,
காரைக்குடி வட்டாரம்